கிரியேட் என்ற வினை எங்கிருந்து வந்தது, கிரியையோடு அதற்கு உறவு உண்டா?

'கிரியேட்' என்ற ஆங்கில வினை சமஸ்கிருதத்தின் 'கிரியை'யிலிருந்து வந்தது என்று ஓரிடத்திலும், தமிழின் 'கரு'விலிருந்து வந்தது என்று வேறோரிடத்திலும் படித்ததாகச் சொல்லி, இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, 'மேக்' என்ற எளிய சொல் இருக்கும்போது இது எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பது வேறொன்று என்று நினைக்கிறேன். ஒலியிலும் பொருளிலும் இத்தனை நெருங்கி நிற்கும் இரண்டு சொற்களுக்கு உறவே இல்லாமல் இருக்க முடியுமா என்பதுதான் அது. முடியும். கிரியேட் என்பது கிரியையின் வழிவந்ததும் அன்று, கருவின் வழிவந்ததும் அன்று. வரலாற்று மொழியியல் படித்து, ஆங்கிலச் சொல்வரலாற்றைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவருபவன் என்ற முறையில், இப்படி உறுதியாகச் சொல்வதற்கான காரணங்களைக் கீழே விளக்குகிறேன். இந்தச் சொல்லின் வரலாற்றில் உறுதிபடாத பகுதிகளும் உண்டு. அவற்றையும் அங்கங்கே சுட்டுகிறேன்.

ஐயத்திற்கு இடமில்லாத பகுதியிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலச் சொல்லின் நேர்மூலம் 'க்ரெயாரே' என்ற லத்தீன் வினை. அதன் இறந்தகால எச்சமான 'க்ரெயாதுஸ்' என்ற வடிவமே ஆங்கிலத்துக்குள் முதலில் நுழைந்தது. அதாவது, 'படைக்கப்பட்ட' என்ற பொருள்படும் பெயரடையாகத்தான் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. படைத்தல் என்ற முழு வினையாக அது நிலைபெற்றது அதற்குப் பிறகு. செப்பரேட், டெடிகேட், மாடரேட் என 'ஏட்' என்று முடியும் பல ஆங்கில வினைகள் இதே வழியில்தான் பிறந்தன: லத்தீனின் எச்சம் அடையாக வந்தது, அடை பின்னர் வினையாயிற்று. பழைய வடிவத்தின் சுவடு ஷேக்ஸ்பியரிடம்கூட இருக்கிறது. 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தின் இறுதியில், பிறக்கப்போகும் குழந்தைகளை வாழ்த்தும் வரியில் 'கிரியேட்டட்' என்று வரவேண்டிய இடத்தில் வெறும் 'கிரியேட்' என்றே நிற்கிறது. இந்த வினைக்கு முன்பாகவே, 1300ஐ ஒட்டிய காலத்தில், கிரியேட்டர், கிரீச்சர் என்ற பெயர்ச்சொற்கள் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்துவிட்டன. படைத்தவனும் படைக்கப்பட்டதும் வந்து சேர்ந்த பிறகுதான் படைத்தல் வந்தது.

அந்த லத்தீன் வினைக்கு என்ன பொருள் என்பதில்தான் சுவை இருக்கிறது. இன்று நாம் அச்சொல்லில் கேட்பது 'புதிதாக ஒன்றை உண்டாக்குதல்'. ரோமானியர் கேட்டது பெரும்பாலும் 'பிறப்பித்தல், ஈனுதல், விளைவித்தல்'. லத்தீன் கவிஞர்கள் இன்னாருக்குப் பிறந்தவன் என்று சொல்ல 'க்ரெயாதுஸ்' என்ற எச்சத்தையே ஆண்டார்கள். வளர்தல் என்ற பொருளுடைய 'க்ரேஸ்கெரே' என்ற வினை இதன் உடன்பிறப்பு. அது தானே வளர்வது, இது வளரச் செய்வது. வளர்பிறையைக் குறிக்கும் கிரெசென்ட், மிகுதலைக் குறிக்கும் இன்கிரீஸ், இசையில் ஒலி ஏறிச் செல்வதைக் குறிக்கும் கிரெஷெண்டோ ஆகியவை அந்த உடன்பிறப்பின் பிள்ளைகள். சேர்ந்து வளர்ந்து இறுகியது என்ற பொருளில் கான்கிரீட் வந்தது. படைக்குப் புதிதாகச் சேர்ந்த பெருக்கம் என்ற பொருளிலிருந்து ரெக்ரூட் என்பதும், கப்பலின் க்ரூ என்பதும் வந்தன. பயிர்விளைச்சலின் ரோமானியத் தெய்வமான கேரேஸ் என்பவளின் பெயரையும் இதே வேரோடு சேர்ப்பது வழக்கம். அவள் பெயரிலிருந்துதான் தானியங்களுக்கு சீரியல் என்ற பெயரும், 1801 ஜனவரி 1 அன்று பியாட்சி என்ற வானியலாளர் கண்டறிந்த சீரிஸ் என்ற குறுங்கோளின் பெயரும் வந்தன.

பழைய பொருள் வெறும் ஊகம் அன்று என்பதற்கு இன்றைய ஸ்பானிய மொழி சாட்சி சொல்கிறது. ஒரே லத்தீன் வினை அங்கே இரண்டாக வாழ்கிறது. மக்கள் வாய்வழியாகத் தலைமுறை தலைமுறையாக வந்த 'கிரியார்' என்பதற்குப் பிள்ளைகளையோ கால்நடைகளையோ வளர்த்தல் என்று பொருள். கற்றோர் ஏட்டிலிருந்து மீண்டும் எடுத்துக்கொண்ட 'கிரெயார்' என்பதற்குத்தான் படைத்தல் என்று பொருள். கிரியோல் என்ற சொல்லும் வளர்த்தல் என்ற கிளையிலிருந்து கிளைத்ததே. குடியேற்ற நாட்டில் பிறந்து வளர்ந்தவரை அது முதலில் குறித்தது. ஏடறியாதவர் வாயில் ஒரு சொல் எந்தப் பொருளைக் காத்து வந்திருக்கிறது என்பதை நான் அகராதிகளைவிட மேலான சான்றாக மதிப்பதுண்டு. இந்த இடத்தில் அகராதிகளும் அதையேதான் சொல்கின்றன.

இனி கிரியைக்கு வருவோம். லத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே அவற்றிடையே உறவுச்சொற்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அதனால்தான் கிரியை என்ற ஊகம் முதல் பார்வையில் பொருத்தமாகத் தெரிகிறது. ஆனால் உறவுச்சொற்கள் ஒத்த ஒலியால் அறியப்படுவதில்லை, முறைமாறாத ஒலிமாற்றத்தால் அறியப்படுகின்றன. ஒத்த ஒலி ஏமாற்றும் என்பதற்கு ஐரோப்பாவுக்குள்ளேயே எடுத்துக்காட்டுகள் உண்டு. ஆங்கிலத்தின் 'ஹேவ்' என்பதும் லத்தீனின் 'ஹபேரே' என்பதும் ஒலியிலும் ஒன்று, 'உடைமையாகக் கொண்டிருத்தல்' என்ற பொருளிலும் ஒன்று. இருந்தும் அவற்றிடையே உறவில்லை. ஆங்கிலத்தின் ஹகரத்துக்கு லத்தீனில் ககரம்தான் இணை என்பதால், ஹேவ் என்பதன் உண்மையான உறவு பற்றுதல் என்ற பொருளுடைய 'காபெரே'. ஆங்கிலத்தின் 'மச்', ஸ்பானியத்தின் 'முச்சோ' ஆகிய இரண்டின் ஒற்றுமையும் இப்படித் தற்செயலாக நேர்ந்ததே.

க்ரெயாரேயின் முதல் ஒலியை இந்த முறையில் சோதித்துப் பார்க்கலாம். லத்தீனின் ககரம் ஒரே மூலத்திலிருந்து வந்ததன்று. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் மூலமொழியில் நாக்கின் நடுப்பகுதியை அண்ணத்தில் ஒட்டிச் சொன்ன ஒரு ககரம் இருந்தது. அது லத்தீனில் ககரமாகவே நின்றது. சமஸ்கிருதத்தில் 'ஶ' ஆயிற்று. ஆர்மீனிய மொழியில் 'ஸ' ஆயிற்று. பத்து என்ற எண்ணைப் பாருங்கள்: லத்தீனில் 'டெகெம்', சமஸ்கிருதத்தில் 'தஶ', ஆர்மீனியத்தில் 'தஸ்ன்'. நூறு என்பதும் அப்படியே: லத்தீனில் 'கெந்தும்', சமஸ்கிருதத்தில் 'ஶதம்'. க்ரெயாரேயின் ககரம் இந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டுவது ஆர்மீனியம். அங்கே 'ஸெர்' என்றால் சந்ததி, 'ஸெரெம்' என்றால் ஈனுகிறேன். பொருள் அப்படியே பொருந்துகிறது, ஒலியும் விதிப்படி 'ஸ' ஆகியிருக்கிறது. ஆகவே க்ரெயாரேக்கு ஓர் உறவு சமஸ்கிருதத்தில் இருக்குமானால் அது 'ஶ' என்ற ஒலியில் தொடங்கவேண்டும். 'க்' என்று தொடங்கும் கிரியை அந்த இடத்தில் உட்காரவே முடியாது. எனக்கு ஆர்மீனியம் அகராதிகளின் வழியாகவும் ஒப்பிலக்கணங்களின் வழியாகவும் மட்டுமே பழக்கம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் இந்த ஒலிவிதி அத்துறையில் யாரும் மறுப்பதன்று.

கிரியை, கர்மம், காரியம், கிருதி எல்லாவற்றுக்கும் தாயான 'க்ரு' என்ற சமஸ்கிருத வினைவேர் வேறொரு ககரத்திலிருந்து வந்தது. உதடு குவித்துச் சொல்லும் ககரம் அது. லத்தீனில் அது 'க்வ' என்று நிற்கும், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பேசப்படும் வேல்ஷ் மொழியில் 'ப' ஆகிவிடும். யார் என்ற வினாவை எடுத்துக்கொண்டால் லத்தீனில் 'க்விஸ்', சமஸ்கிருதத்தில் 'கஹ', வேல்ஷில் 'புய்'. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் 'க்ரு' என்ற வேருக்கு வேல்ஷில் இணையாக நிற்பது 'பெரி' என்ற வினை. ஒன்றை நிகழச் செய்தல் என்பது அதன் பொருள். உருவம் என்ற பொருளுடைய 'ப்ரிட்' என்ற வேல்ஷ் பெயர்ச்சொல்லையும் இதனுடன் சேர்ப்பார்கள். பிரிட்டன் என்ற நாட்டுப்பெயரே அந்த 'ப்ரிட்' என்பதோடு தொடர்புடையது என்று கருதும் அறிஞர்கள் பலர். இந்தக் கடைசிக் கருத்து நம்பத்தக்கது என்றாலும் மெய்ப்பிக்கப்பட்டதன்று. அது சரியாக இருக்குமானால், நம் கர்மத்தின் உறவு ஆங்கிலேயரின் வினைச்சொல்லில் இல்லாமல் அவர்கள் வாழும் தீவின் பெயரில் இருக்கிறது என்றாகும். போலி உறவைத் தேடிப் போகிறவர் உண்மையான உறவைத் தவறவிடுகிறார் என்பதுதான் இதில் எனக்குள்ள வருத்தம்.

'கரு' என்ற ஊகத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். தமிழின் கரு திராவிடச் சொல். க்ரெயாரேயின் வரலாறு அதன் சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே விளங்குகிறது. வெளியிலிருந்து கடன் வாங்கியதற்கான தடயம் எதுவும் அதில் இல்லை. லத்தீன் மொழி தமிழிலிருந்து ஓர் அடிப்படை வினையைக் கடன் வாங்கியது என்று சொல்ல வேண்டுமானால், எப்போது, யார் வழியாக, எந்த ஒலிமாற்றத்தோடு வந்தது என்று காட்டவேண்டும். ககரமும் ரகரமும் இரண்டு சொற்களிலும் இருப்பது மட்டும் சான்றாகாது. உலக மொழிகளில் மிகுதியாக வழங்கும் ஒலிகளைச் சேர்ந்தவை அவை. தேடினால் எந்த இரு மொழிகளிலும் இத்தகைய இணைகள் கிடைக்கும்.

இதுவரை சொன்னவற்றில் எது எவ்வளவு உறுதி என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது என்பது ஏடுகளில் கண்ணால் காணக்கூடிய செய்தி. க்ரெயாரேயும் க்ரேஸ்கெரேயும் ஒரே வேரின என்பதையும் ஏறக்குறைய எல்லோரும் ஏற்கிறார்கள். க்ரெயாரே என்ற வடிவம் அந்த வேரிலிருந்து எந்தப் படிகளின் வழியாக உருவானது, இடையில் 'வளர்ச்சி' என்ற பொருளில் ஒரு பெயர்ச்சொல் இருந்ததா என்பதில்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாடு எந்த விதத்தில் தீர்ந்தாலும் கிரியைக்கு அதில் இடம் கிடைக்கப்போவதில்லை.

பிறப்பித்தல் என்ற பொருளுடைய சொல், ஒன்றுமில்லாததிலிருந்து படைத்தல் என்ற பொருளுக்கு எப்படி வந்தது என்பது அடுத்து எழும் கேள்வி. அதற்கு விடை சமய வரலாற்றில் இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் லுக்ரேஷியஸ் என்ற ரோமானியக் கவிஞர், இல்லாததிலிருந்து எதுவும் உண்டாக்கப்பட முடியாது என்று வாதிட்டபோது இதே வினையைத்தான் ஆண்டார். பிற்காலத்தில் கிறித்தவ இறையியல் அந்தச் சொல்லையே எடுத்து, அவர் மறுத்ததையே அதன் தனிப்பொருளாக்கியது. பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் வசனம் பழைய லத்தீன் மொழிபெயர்ப்புகளில் 'செய்தார்' என்று பொருள்படும் 'ஃபேகித்' என்ற சொல்லால் அமைந்திருந்தது. கிரேக்க மொழிபெயர்ப்பும் 'செய்தார்' என்ற பொதுச்சொல்லையே கையாண்டிருந்தது. பைபிளை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் என்ற துறவி எபிரேய மூலத்தை நோக்கித் திருப்பி மொழிபெயர்த்தபோது அந்த இடத்தில் 'க்ரெயாவித்' என்று வைத்தார். எபிரேய மூலத்தில் உள்ள 'பாரா' என்ற வினை, அதன் அடிப்படை வடிவில், கடவுளை மட்டுமே எழுவாயாகக் கொண்டு வருவது. பொதுச்சொல்லைவிட ஒரு தனிச்சொல் அங்கே பொருந்தும் என்று அவர் எண்ணியிருக்கலாம். அவரது மொழிபெயர்ப்பு மேற்கு ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்று நிலைத்ததால் அந்தச் சொல்லும் நிலைத்தது.

ஆங்கிலம் உடனே அதை ஏற்றுக்கொள்ளவில்லை, ஏனெனில் ஆங்கிலத்திடம் சொந்தச் சொல் இருந்தது. 'ஷியெப்பன்' என்ற பழைய ஆங்கில வினை, இன்றைய ஷேப் என்பதன் மூதாதை. கேட்மன் என்ற கவிஞர் பாடிய 7ஆம் நூற்றாண்டுப் பாடலிலும், 1000ஐ ஒட்டி எல்ஃப்ரிக் என்ற துறவி செய்த ஆதியாகம மொழிபெயர்ப்பிலும் கடவுள் உலகத்தை உருவாக்குவது இச்சொல்லால்தான். படைத்தவனுக்கு 'ஷுப்பெண்ட்' என்று பெயர். ஜெர்மன் மொழி இன்றும் 'ஷோப்ஃபர்' என்றே சொல்கிறது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சின் செல்வாக்கு ஓங்கியபோது இந்தச் சொல் மெல்ல வடிவமைத்தல் என்ற சிறிய பொருளுக்கு ஒதுங்கியது. அது விட்டுச்சென்ற இடம் உடனே நிரம்பவில்லை. விக்ளிஃப் என்ற ஆங்கிலச் சமயச் சிந்தனையாளரின் வட்டத்தார் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆதியாகமத்தை மொழிபெயர்த்தபோது, கடவுள் வானத்தையும் பூமியையும் 'ஒன்றுமில்லாததிலிருந்து செய்தார்' என்று எழுதினார்கள். செய்தார் என்பதற்கு மேக் என்ற சொல்லின் இறந்தகாலத்தையே வைத்தார்கள். 'ஒன்றுமில்லாததிலிருந்து' என்பது மூலத்தில் இல்லாத சேர்க்கை. லத்தீன் சொல்லின் இறையியல் பொருள் மேக் என்பதற்குள் அடங்கவில்லை என்று கருதி அவர்கள் அதைச் சேர்த்திருக்க வேண்டும். 1530இல் டிண்டேல் என்பவர் எபிரேயத்திலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது அந்தச் சேர்க்கையை நீக்கிவிட்டு 'கிரியேட்டட்' என்று எழுதினார். 1611இல் வெளியான, கிங் ஜேம்ஸ் பைபிள் எனப்படும் அரசர் பதிப்பு அதையே பின்பற்றியது. எபிரேயத்திலிருந்து நேராக மொழிபெயர்த்தவரே லத்தீன் வழிச்சொல்லை நிலைநிறுத்தினார் என்பதைக் கவனியுங்கள்.

இப்படிக் கடவுளுக்கு உரியதாகிவிட்ட சொல் மனிதருக்கு இறங்கிவரக் காலம் பிடித்தது. ஷேக்ஸ்பியரின் 'தி காமெடி ஆஃப் எரர்ஸ்' நாடகத்தில் காதல்வயப்பட்ட ஒருவன் தன் காதலியிடம், நீ கடவுளா, என்னைப் புதிதாகப் படைத்துவிடுவாயா என்று கேட்கிறான். அந்தக் கேள்வி சுவைப்பதே இந்த வினை மனிதருக்கு உரியதன்று என்ற உணர்வு கேட்பவரிடம் இருந்ததால்தான். கவிஞரைப் படைப்பாளர் என்று அழைக்க அக்காலத்து ஆங்கிலேயர் மேக்கர் என்ற சொல்லையே நாடினார்கள்; கிரேக்கத்தில் கவிஞரைக் குறிக்கும் சொல்லும் 'செய்பவர்' என்ற பொருளுடையதுதான். அதே வேளையில் மற்றொரு கதவு முன்பே திறந்திருந்தது. ரோமானியர் கான்சல் என்ற உயர் ஆட்சியாளர் முதலிய பதவியாளரைத் தேர்ந்து அமர்த்துவதற்கும் க்ரெயாரே என்றே சொன்னார்கள். மன்னர் ஒருவரைப் பிரபுவாக்குவதற்கு ஆங்கிலச் சட்டமொழி இன்றும் கிரியேட் என்று சொல்வது அந்த வழக்கோடு இயைகிறது. சட்டமும் ஆட்சியும் இந்தச் சொல்லை மனிதர் கையில் வைத்திருந்தன. கலை அதைப் பிற்பாடுதான் பெற்றது. இன்று திரையில் ஒரு கணக்கைத் தொடங்கும் பொத்தானிலும் அது வந்து நிற்கிறது.

மேக் என்பதன் வரலாறு எளிமையாகத் தோன்றினாலும் அடியில் அவ்வளவு தெளிவில்லை. பழைய ஆங்கிலத்தில் அது 'மகியன்'. ஜெர்மனின் 'மாஹென்', டச்சின் 'மாகென்' ஆகியவை அதன் நெருங்கிய உறவுகள். இது வரை ஐயமில்லை. அதற்கும் பின்னால், பிசைதல் என்ற பொருளுடைய ஒரு மூலவேரை வைத்து, கிரேக்கத்தில் பிசைவதைக் குறிக்கும் வினையோடும் மாக்மா, மாஸ் என்ற சொற்களோடும் இதை இணைப்பது பலர் ஏற்ற கருத்து. மண்ணையோ மாவையோ பிசைந்து உருக்கொடுப்பதே செய்தலின் முதல் வடிவம் என்ற படம் மனத்துக்கு இசைவாகத்தான் இருக்கிறது; ஆனால் மனத்துக்கு இசைவாக இருப்பதாலேயே சற்று எச்சரிக்கையோடு ஏற்கவேண்டியது அது.

பொருள் வேறுபாட்டைப் பொறுத்தவரை, ஆங்கிலத்தில் மேக் என்பது கையருகில் இருக்கும் பொருளையும் அதைச் செய்யும் வேலையையும் நினைவூட்டும். கிரியேட் என்பது முன்பு இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது என்ற நிலைமாற்றத்தை முன்னிறுத்தும். ஆகவே தேநீரை மேக் செய்வார்கள், கிரியேட் செய்வதில்லை. செய்ததாகச் சொன்னால் அது விளம்பரமாகவோ கிண்டலாகவோ இருக்கும். வேலைவாய்ப்பு, சிக்கல், ஐயம், சூழல் போன்ற தொடமுடியாதவற்றுக்குக் கிரியேட் இயல்பாகப் பொருந்துகிறது. ஒருவரைச் சிரிக்க வைத்தல், அழ வைத்தல் என்று பிறரைச் செய்விக்கும் பொருளில் மேக் மட்டுமே வரும். நாடகத்துறையில் ஒரு வேடத்தை முதன்முதலில் ஏற்று நடித்தவரைப் பற்றிப் பேசும்போது, அவர் அந்த வேடத்தைக் கிரியேட் செய்தார் என்பார்கள். பிரிட்டனின் பேச்சுவழக்கில் செயப்படுபொருள் இல்லாமல் வெறுமனே கிரியேட் என்றால் கூச்சலிட்டு ஆர்ப்பாட்டம் செய்தல் என்று பொருள். கிரியேட் உயர்ந்தது, மேக் தாழ்ந்தது என்று சிலர் கற்பிப்பதை நான் ஏற்பதில்லை. இறையியலின் சாயல் கிரியேட் என்பதில் சற்று ஒட்டியிருக்கிறது, அவ்வளவே.

சமஸ்கிருதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் 'செய்தல்' தொடர்பான மெய்யான ஓர் உறவு வேண்டும் என்றால், டூ என்ற மிகச் சிறிய ஆங்கில வினையைப் பாருங்கள். அதுவும் டீட் என்ற பெயர்ச்சொல்லும், லத்தீனின் 'ஃபாகெரே' என்ற வினையும், அதன் வழிவந்த ஃபேக்டரி, ஃபேக்ட் ஆகியவையும், தீசிஸ், தீம் என்ற சொற்களுக்கு மூலமான கிரேக்க வினையும், சமஸ்கிருதத்தின் 'தா' என்ற வேரும் ஒரே மூலத்தின. வைத்தல், நிலைபெறச் செய்தல் என்பது அந்த வேரின் பொருள். நிலைநாட்டுகிறவன் என்று பொருள்படும் விதாதா என்ற பிரம்மனின் பெயர் அதிலிருந்து வந்ததே. இந்த இணையில் ஒலி மேலோட்டமாகப் பார்க்கும்போது ஒத்திருக்கவில்லை. ஆனால் லத்தீனில் சொல்முதலில் 'ஃப' வரும் இடத்தில் சமஸ்கிருதத்தில் 'த' வருவதும், ஆங்கிலத்தில் 'ட' வருவதும் வேறு சொற்களிலும் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒழுங்கு. வாயில் அல்லது கதவு என்ற பொருளில் லத்தீனின் 'ஃபோரிஸ்', சமஸ்கிருதத்தின் 'த்வார', ஆங்கிலத்தின் 'டோர்' ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் அந்த ஒழுங்கு உங்களுக்கே தெரியும்.